தட்டில் குறைந்த ஒரு மல்லாட்டை

1

என் மகள் பிளாஸ்டிக் கட்டையைத் தின்னப் பார்த்தாள் என்று பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். கூப்பிட்டு என்றால், நான் ஒன்றும் பஸ் பிடித்துப் போகவில்லை. அதே பள்ளிக்கூடத்தில்தான் எனக்கு வேலை. பக்கத்து அறையில் சின்னப் பிள்ளைகளின் கணக்குச் சாமான்களைச் சோப்புத் தண்ணீரில் போட்டு அலசிக்கொண்டிருந்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைக்கப் போய், இன்றைக்குப் புடவை கட்டவில்லை என்று ஞாபகம் வந்து, பாவாடை ஓரத்தில் துடைத்துக்கொண்டு போய் நின்றேன்.

நான் செஞ்சிக்காரி. இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் இருக்கிறேன். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். நான் ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சருக்கு உதவி ஆள். டீச்சரும் இல்லை, ஆயம்மாவும் இல்லை, நடுவில் ஏதோ ஒன்று.

இங்கே ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு ஒன்று, இரண்டு சொல்லிக்கொடுக்க யாரும் தொண்டை கிழியக் கத்துவதில்லை. கையில் சாமானைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒன்றோடு ஒன்று மாட்டுகிற கலர் கட்டைகள், நீளத்துக்கு ஒரு கலராக மரக்குச்சிகள், விரலை ஓட்டிப் பார்ப்பதற்கு உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள். பிள்ளை தொட்டால்தான் மண்டைக்குள் ஏறும் என்பது ஹெலனின் வேதம். ஹெலன்தான் எங்கள் வகுப்பு டீச்சர். பிள்ளை தப்பாக வைத்தால் தப்பு என்று சொல்லாதே, முகத்திலும் காட்டாதே, அதுவாகக் கண்டுபிடிக்கும், காத்திரு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள்.

நானும் காத்திருப்பேன். யார் பெற்ற பிள்ளையோ மூக்கு ஒழுக ஒழுக நாலு கட்டையைத் திருப்பித் திருப்பி எண்ணும். நான் சிரித்த முகமாகப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருப்பேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதை முதலில் சொன்ன ஆள் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்பேன். என் பிள்ளை ஒன்றும் தானே வளரவில்லை. என் அக்கா வளர்த்தாள்.

2

கவிதாவுக்கு இரண்டு வயது நடக்கும்போது அவளைச் செஞ்சியில் அக்காவிடம் விட்டுவிட்டு நாங்கள் பிளேன் ஏறினோம். எண்பத்து மூன்றில். இதில் மறைக்க ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும். இங்கே வந்தபோது எங்களுக்கு இருந்தது ஒற்றை ரூம். இரண்டு பேருக்கும் ஷிப்ட் வேலை. ஆறு மாசத்தில் கூட்டிக்கொள்கிறோம் என்று சொன்னோம்.

அப்புறம் விசா. அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸில் க்யூவில் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "அம்மா எங்கே?" என்று கேட்பாராம். அம்மா இங்கிலாந்தில் என்றால், "அப்ப நீங்க யாரு?" என்பாராம். அதற்கு ஒரு சான்றிதழ், அந்தச் சான்றிதழ் நிஜம்தான் என்பதற்கு ஒரு சான்றிதழ். ஆறு மாசம் நாலு வருஷமாக நீண்டுபோயிற்று.

அக்கா பேர் வசந்தா. அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் இருக்கும்போதே இல்லாத மாதிரி இருந்து, அப்புறம் இல்லாமலே போய்விட்டார். வல்லம் பக்கத்தில் ஒரு பால்வாடியில் டீச்சர் வேலை. காலையில் கூட்ரோட்டில் டவுன் பஸ் ஏறி, கவிதாவையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள். சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்புவாள். அக்காவின் வாய் பொல்லாதது, கோபம் மூக்கு மேல் நிற்கும். ஆனால் பிள்ளைகளிடம் மட்டும் அந்தக் கோபம் எங்கே போகும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

போன வருஷம் விசா கிடைத்து, பிள்ளையைக் கூட்டிவரச் செஞ்சிக்குப் போனேன். கவிதா கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். "நீங்கதான் எங்கம்மாவா?" என்றாள். நீங்க! எங்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளை பெற்றவளை நீங்க என்று சொல்லும்? ரேஷன் கடைக்காரரைச் சொல்லும், பஸ் கண்டக்டரைச் சொல்லும். அக்கா அடுப்படியிலிருந்து, "சரியாப் பூடும், வுடு" என்றாள்.

கிளம்புகிற அன்று அக்கா பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. "இன்னிக்கி இன்ஸ்பெக்‌ஷன் இருக்குது, லீவு போட முடியாது" என்று சொல்லிவிட்டு, விடியற்காலையிலேயே வல்லம் பஸ் ஏறிப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை எந்த ஆபீசர் வந்து இன்ஸ்பெக்‌ஷன் பண்ணுவார்? எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னலில் ராஜகிரி மலை பின்னால் போகிற வரைக்கும் கவிதா கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

3

இப்போது பள்ளிக்கூடத்துக் கதைக்கு வருகிறேன்.

கவிதா இங்கே சேர்ந்ததிலிருந்து வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. இங்கிலீஷ் தெரியாது, போகப் போகப் பேசுவாள் என்றுதான் எல்லோரும் இருந்தோம். பேச்சே வேண்டாத ஒரு பரீட்சை வைத்துப் பார்க்கலாம் என்றாள் ஹெலன். ஒரு அட்டையில் 7 என்று இருக்கும். பிள்ளை ஏழு கட்டையைத் தட்டில் எடுத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான். எண்களை அக்கா ஏற்கனவே சொல்லிக்கொடுத்திருந்தாள், அது எனக்கும் தெரியும்.

கவிதா ஏழுக்கு ஆறு வைத்தாள். ஒன்பதுக்கு எட்டு வைத்தாள். ஐந்துக்கு நாலு. எதைக் கேட்டாலும் ஒன்று குறைவு. ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டையை மடியில் ஒளித்துக்கொண்டாள். அது போதாதென்று மிச்சக் கட்டையில் ஒன்றை எடுத்து வாயில் போடப் போனாள். ஹெலன் பதறிப்போய்க் கையைப் பிடித்திருக்கிறாள்.

"பாஷைதான் காரணம்னு சொல்ல முடியலை, சாந்தி. நாம ஒரு வார்த்தைகூடக் கேட்கலையே. சாமானை வெச்சுத்தானே கேட்டோம்?" என்றாள் ஹெலன். பெரிய டீச்சரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊருக்கு அந்தக் கோடியில் வேறொரு பள்ளிக்கூடம் இருக்கிறது, அறிவு மெதுவாக வளரும் பிள்ளைகளுக்கானது, அங்கே நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் சம்மதித்தால் அடுத்த வாரமே அனுப்பலாம் என்றார். "வீட்டில் சாமானை வாயில் போடும் பழக்கம் உண்டா? எண்ணும்போது எப்படி எண்ணுவாள்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளை எப்படி எண்ணுவாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று, இரண்டு என்று அவள் முதலில் சொன்னபோது நான் அங்கே இல்லை. வகுப்பில் இருக்கிற மற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் என்னால் சொல்ல முடியும்: இவன் விரலை மடக்குவான், இவள் தலையை ஆட்டி ஆட்டி எண்ணுவாள். வெட்கத்தில் காது சுட்டது. "யோசிச்சு சொல்றேன்" என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவங்க படிச்சவங்க, நல்லதுக்குத்தான் சொல்வாங்க, அனுப்பிடலாம்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. முந்தின வாரம்தான், கல் பொறுக்குவதற்காகத் துவரம்பருப்பைத் தட்டில் பரப்பி வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், கவிதா பருப்பை விரலால் ஒதுக்கி ஒதுக்கி 'வசந்தா' என்று எழுதியிருக்கிறாள். சுழியும் துணைக்காலும் அப்படியே அக்கா கையெழுத்து. பால்வாடியில் தரையில் சாக்பீசால் எழுத்துப் போட்டு, அதன் மேலேயே புளியங்கொட்டையை வரிசையாக வைக்கச் சொல்லுவாள் அக்கா. அப்படி வந்த எழுத்து அது. என்னைப் பார்த்ததும் கவிதா உள்ளங்கையால் பருப்பைக் கலைத்துவிட்டாள். இந்தப் பிள்ளைக்கா அறிவு மெதுவாக வளருது?

4

பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுச் சொன்ன அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. துவைக்கப் போடுவதற்காக அவள் கோட்டை உதறினேன். பையிலிருந்து பிளாஸ்டிக் கட்டைகள் உருண்டு விழுந்தன. சிவப்பு, மஞ்சள், நீலம். எல்லாம் பள்ளிக்கூடத்துக் கட்டைகள். நான் கழுவிக் கழுவித் துடைத்து வைப்பவை.

நான் வேலை பார்க்கிற இடத்தில் என் பிள்ளை திருடுகிறதா? "இன்னாடி இது? திருடறியா?" என்று கேட்டேன். கவிதா கீழே கிடந்த கட்டைகளையே பார்த்தாள். "யாருக்குடி இதெல்லாம்? சொல்லு!" கன்னத்தில் ஒன்று வைத்தேன்.

அவள் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, கீழே கிடந்த கட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் கையில் கொடுத்தாள். "இந்தாங்க" என்றாள்.

ஹெலனின் வேதமெல்லாம் எனக்கு அத்துப்படி. காத்திரு, முகத்தில் காட்டாதே, அதுவாகக் கண்டுபிடிக்கும். ஊரான் பிள்ளைக்கெல்லாம் பொறுமையை வாரி வாரி இறைத்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் என்னிடம் மிஞ்சுவது அறைதான் போலிருக்கிறது. அடித்த கை அன்று முழுக்க எரிந்தது. எரியட்டும் என்றுதான் இருந்தது.

5

சனிக்கிழமை காலையில் செஞ்சிக்கு போன் போட்டேன். கூட்ரோட்டில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கும் பாய் வீட்டில் போன் உண்டு. மல்லாட்டை என்றால் வேர்க்கடலைதான், எங்கள் பக்கம் அப்படித்தான் பேர். மண்டிக்குப் பின்சுவரை ஒட்டி அக்கா வீடு. பாயம்மா சுவருக்கு மேலே எட்டிக் கூப்பிட்டால் அக்கா வந்துவிடுவாள். அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் ஆரனை அலறவிட்டுக்கொண்டு போவது எனக்கு இங்கே கேட்டது.

"சாந்தியா? இன்னாடி, புள்ளைக்கி இன்னா?" மூச்சு வாங்கியது அக்காவுக்கு.

"ஒண்ணும் இல்லக்கா, நல்லாருக்கா."

"நல்லாருந்தா நீ ஏன் போன் பண்ணப் போற? சொல்லு."

சொன்னேன். வேறு பள்ளிக்கூடம் என்றதும் அவள் குரல் ஏறியது. "எண்ணத் தெரியலையா? என் கவிதாவுக்கா? எவ சொன்னா? நூறு வரிக்கும் எண்ணுவாடி அவ! மண்டி பாயி மூட்டையை எண்ணச் சொல்ல இவளைத்தான் கூப்டுவாரு!"

"ஏழு கேட்டா ஆறுதான் வெக்கறா. ஒண்ணை எடுத்து மடியில வெச்சிக்கறா. வாயில வேற போட்டுக்கப் போறா."

அந்தப் பக்கம் ஒரு பஸ் போனது. "அக்கா? இருக்கியா?"

"ஐயய்யோ, அது நான் பழக்குனதுடி" என்றாள்.

அப்புறம் மெதுவாகச் சொன்னாள். பால்வாடிக்குச் சர்க்கார் கொடுத்த மரக்கட்டை, மணிச்சட்டம் எல்லாம் இரும்புப் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறதாம். "ஒண்ணு தொலைஞ்சா என் தலையில வுழும். ஆபீசர் வந்தா தொறந்து காட்டிட்டு மறுபடி பூட்டிடுவேன். அதான் மல்லாட்டை. எண்ணி வெச்சி, நான் பாத்து சரின்னு சொல்லிட்டா துன்னலாம். சொம்மா எண்ணுடான்னா எந்தப் புள்ள குந்தி எண்ணும்?"

எனக்கு அப்போதே பாதி விளங்கிவிட்டது. ஹெலனுக்கு வாய்க்கு வாய் குட், குட் என்று சொல்கிற பழக்கம். பிள்ளை கட்டையைத் தொட்டாலே குட். கவிதா ஏழையும் எண்ணித்தான் வைத்திருப்பாள். ஹெலன் குட் என்றிருப்பாள். சரி சொல்லியாச்சு, இனிமேல் தின்னலாம்.

"சரிக்கா. மடியில வெக்கற அந்த ஒண்ணு?"

"அது வந்து..." அக்கா இழுத்தாள். எதற்கும் இழுக்காதவள். "அது உனுக்குடி. துன்றதுக்கு மின்னாடி ஒண்ணு எடுத்து வெச்சிடணும்னு சொல்லிவெச்சேன். அம்மா ஊர்ல இல்ல, இது அம்மா பங்குன்னு. ரெண்டு வயசுல வுட்டுட்டுப் போயிட்ட. புள்ள உன்ன மறந்துட்டா இன்னா பண்றது? தெனம் ஒரு தபாவாச்சும் நெனைக்கட்டும்னுதான்."

ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "அதையெல்லாம் என்னக்கா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"டப்பால போட்டு வெப்பா. ரொம்பினதும் சட்னி அரைச்சிடுவேன். காறிப்பூடும் இல்ல?" என்றாள். பிறகு திடீரென்று, "அடிச்சியா?" என்றாள்.

"இல்லியே..."

"உன் கை எனக்குத் தெரியாதா, சாந்தி?"

"ஒண்ணு அடிச்சிட்டேன்கா."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "புள்ளைகிட்ட போனைக் குடு" என்றாள். கவிதா போனை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டு, பேசாமல் தலையை மட்டும் ஆட்டி ஆட்டிக் கேட்டாள். செஞ்சியில் இருப்பவளுக்கு இந்தத் தலையாட்டல் எப்படித் தெரியும்? ஆனாலும் அக்கா விடாமல் பேசிக்கொண்டே இருந்தாள்.

6

திங்கட்கிழமை குஜராத்திக்காரர் கடையில் வறுத்த வேர்க்கடலை வாங்கி, உடைத்துத் தோல் ஊதி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். வகுப்பில் தின்பண்டம் கூடாது என்பது இங்கே சட்டம். ஒரே ஒரு நாள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று பெரிய டீச்சரம்மாவிடம் கெஞ்சினேன். அவரும் வந்து ஒரு குட்டி நாற்காலியில் கஷ்டப்பட்டு உட்கார்ந்தார்.

ஹெலனிடம், "நான் சரி சொல்ற வரைக்கும் குட் சொல்லாதே" என்று சொல்லி வைத்தேன். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். 7 அட்டையைக் காட்டினாள்.

கவிதா தட்டைப் பார்த்தாள். கடலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இங்கே வந்ததிலிருந்து அவள் என்னை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். கிடுகிடுவென்று ஏழு எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஹெலன் குனிந்து எண்ணிப் பார்த்தாள். சரியாக ஏழு. "சரி" என்றேன். ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மீதி ஆறையும் வாயில் போட்டுக்கொண்டாள். பெரிய டீச்சரம்மா சத்தமாகச் சிரித்துவிட்டார்.

அப்புறம் ஒன்பது, அப்புறம் பன்னிரண்டு. ஒன்பதில் நாலு போனால் எத்தனை என்று நான் தமிழில் கேட்டதற்கு, நாலைத் தின்றுவிட்டு மிச்சத்தைக் காட்டினாள். தட்டு காலியாகிற வரைக்கும் நடந்தது. ஹெலனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "வாயை மூடிக்கிட்டு இருந்திருக்க வேண்டியது நான்தான்" என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டாள். வேறு பள்ளிக்கூடப் பேச்சு அதோடு முடிந்தது. கவிதா இதே வகுப்பில்தான் இருக்கிறாள்.

"மடியில் வைக்கிறாளே, அது யாருக்கு?" என்று ஹெலன் கேட்டாள்.

"எனக்கு" என்றேன். பெருமை தாங்கவில்லை. ஊரில் இல்லாத அம்மாவுக்கு நாலு வருஷமாக எடுத்து வைத்த பங்கு என்று என் அரைகுறை இங்கிலீஷில் விளக்கினேன். ஹெலன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் கலங்கியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கவிதா கோட்டுப் பையைக் கவிழ்த்தாள். எடுத்து வைத்த வேர்க்கடலையெல்லாம் சமையலறை மேஜையில் விழுந்தது. காலி பிஸ்கட் டப்பா ஒன்றை எங்கிருந்தோ கண்டுபிடித்து எடுத்து வந்தாள். அறைந்த கன்னத்தைத் தடவிக் கொடுத்தேன். "அம்மா பங்கா? குடு, துன்றேன்" என்று கையை நீட்டினேன்.

கவிதா சட்டென்று இரண்டு கையாலும் கடலையை மூடிக்கொண்டாள்.

"உனக்கு இல்ல."

"பின்ன யாருக்கு?"

"பெரிம்மாவுக்கு" என்றாள். இதுகூடவா தெரியாது என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். "ஊர்ல இல்லாதவங்களுக்குத்தான் எடுத்து வெக்கணும். நீதான் இங்க இருக்கியே?"

அந்தப் பிளாஸ்டிக் கட்டைகளும் அப்படியென்றால் அக்காவுக்குத்தான். அதற்குத்தான் அடித்திருக்கிறேன். நாலு வருஷமாக என்னை மறக்கவிடாமல் என் பிள்ளையை வளர்த்துக் கொடுத்தவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன், அவள் பங்கையும் கையை நீட்டிக் கேட்டிருக்கிறேன். சாயங்கால பஸ்ஸில் அக்கா இப்போது காலி இடுப்போடு கூட்ரோட்டில் இறங்கி வீட்டுக்குப் போகிறாள். அவளிடம் மறுபடி போனில் பேசும்போது இதைச் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

நீ என்று கவிதா என்னைச் சொன்னதும் அன்றைக்குத்தான் முதல் தடவை. கோபத்தில் வந்த நீ. போதும், எனக்கு அது போதும்.

அவள் கடலையை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டாள். மூடி இறுக்கமானது. பிஞ்சுக் கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள், முடியவில்லை. என்னிடம் நீட்டினாள். நான் வாங்கி நன்றாக அழுத்தி மூடிக் கொடுத்தேன்.